பள்ளத்தில் விழும் கோடு

"இந்த ஸ்கிரீன் பொய் சொல்லுதுங்க மோகன்ராஜு" என்றார் முதலாளி செங்கோட்டையன்.

வீரபாண்டிச் சாயப்பட்டறையில் மூன்றாம் நம்பர் மெஷின் பேனலுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். சூட்டைக் காட்டும் பச்சைக் கோடு காலையில் ஒழுங்காக ஏறி, மதியத்துக்கு முன்னால் பொத்தென்று பள்ளத்தில் விழுந்து, பிறகு எழுந்து வந்தது. ஒரு வாரமாகத் தினமும் இதே கதை.

எலக்ட்ரிகல் இன்சார்ஜ் மோகன்ராஜ் மெல்லச் சொன்னான். "சூடே நெசமாக் குறையுதோ என்னமோங்க."

"பாய்லர் ஜம்முனு ஓடுது. அப்புறம் எப்படிங்க குறையும்? ரோஸ் துணி திட்டுத் திட்டா வந்துருச்சுன்னு கம்பெனி ஆளு மத்தியானம் வர்றாரு. இந்தக் கோட்டையா காட்டறது? ஆர்டர் போயிரும். அதுக்குள்ள சரி பண்ணிப்போடுங்க."

மோகன்ராஜ் முதலில் பேனலின் கடிகாரத்தைப் பார்த்தான். அது பின்தங்கியிருந்தது. திருத்தும் அவசரத்தில் தேதி இடத்தில் மாதத்தையும் மாத இடத்தில் தேதியையும் போட்டுவிட்டான். பேனல் ஒரே தாவலில் பிப்ரவரி மூன்றிலிருந்து மார்ச் இரண்டுக்குப் போய், அங்கே பதிய ஆரம்பித்தது. தேதியைத் திரும்ப மாற்றினால், மார்ச் வரைக்கும்தான் எழுதியாச்சே என்பதுபோலத் திரை வெறுமையாக நின்றது.

மார்ச்சை மட்டும் அழிக்கலாம் என்று ஒரு பட்டனை அமுக்கினான். மெமரி கார்டு மொத்தமும் துடைத்துக்கொண்டு போனது.

"ரோஸ் லாட்டோட கோடு எங்கீங்க?"

"போயிருச்சுங்க."

செங்கோட்டையன் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நல்லதுக்குத்தான். இனிப் புதுசா நல்ல கோடு வரட்டும்."

புதுக் கோடு வந்தது. ஏறியது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தில் விழுந்தது.

சூட்டை அளக்கும் சென்சார்தான் கோளாறு என்று ஸ்டோரில் கிடந்த ஒன்றை எடுத்து மாட்டினான். அது இந்தப் பேனலுக்கு ஆகாத ரகம். சூடு தொள்ளாயிரம் டிகிரி என்று காட்டியது. அலாரம் அலறியது. துணியை உள்ளே வைத்துக்கொண்டே மெஷின் நின்றுவிட்டது. பதறிப்போய்ப் பழைய சென்சாரையே திரும்ப மாட்டி ஓடவிட்டபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வாசலில் கார் சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல், திரையின் உச்ச அளவை நூற்றைம்பது டிகிரியிலிருந்து ஆயிரமாக மாற்றினான். பள்ளம் நசுங்கிக் கோடு நேராகிவிட்டது.

"இப்பத்தான் உண்மை பேசுது!" என்றார் செங்கோட்டையன்.

துணி வாங்கும் கம்பெனியின் குவாலிட்டி ஆபீசர் தரணீதரன் கோட்டைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆயிரம் டிகிரி போட்டிருக்குது? இங்க பனியன் துணிக்குச் சாயம் போடறீங்களா, இரும்பு உருக்கறீங்களா?"

மோகன்ராஜ் அளவைப் பழையபடி மாற்றினான். பள்ளம் திரும்ப வந்தது. "நான்தாங்க மாத்தினேன். முதலாளிக்கு இதுல சம்பந்தமில்லீங்க" என்றான்.

"அவரு மேல தப்பில்லீங்க. பேனல்தான் திருட்டுப் பேனல்" என்றார் செங்கோட்டையன் பெருந்தன்மையாக. "நாளைக்கே கழட்டி வீசிப்போட்டுப் புதுசு மாட்டிப்போடறோமுங்க. நம்ம பட்டறையில சூடு ஒரு டிகிரி குறையாதுங்க. அதுக்கு நான் கேரண்டி."

தரணீதரன் பேனாவைத் திறந்தார். "சரிங்க. பேனல் கோளாறுன்னே எழுதிக்கறேன்."

மோகன்ராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பாய்லர் பார்க்கும் குருசாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். துண்டெல்லாம் மஞ்சள் கறை.

"மொதலாளி, ஒங்க தோட்டத்து மஞ்சள் இன்னைக்கு வேக வைக்க வேண்டிய பங்கும் வெந்துட்டு. ஸ்டீமை இனி மிஷினுக்குத் திருப்பி விடட்டுமா?"