கட்டைவிரல் நகத்துச் சிவப்பு

இடைசெவல்,
தை மாதம், 2003.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேல்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமென்று நானே வைத்துக்கொள்கிறேன். இங்கே சுகமில்லை.

சென்ற ஆண்டு தங்கள் இதழில் தாவர நிறமிகள் பற்றிக் கட்டுரை வந்தது. தக்காளி, பீட்ரூட், கறுப்புத் திராட்சையின் நிறம் தன் எலெக்ட்ரானைக் கொடுத்து, உடம்பு துருப்பிடிக்காமல் காக்கும் என்றீர்கள். நம்பினேன். நோயில் கிடந்த என் மனைவி சுப்புத்தாய்க்குக் கோவில்பட்டிச் சந்தையில் சிவப்பாய் எதைக் கண்டாலும் வாங்கிவந்தேன். "துருப்பிடிக்க நான் என்ன தகரப் பெட்டியா?" என்றாள். கார்த்திகையில் போய்விட்டாள். பீட்ரூட்டையெல்லாம் ஆட்டுக்குப் போட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆடு நன்றாக இருக்கிறது.

என் புகார் அதுவல்ல. மருதாணியைப் பற்றி ஒரு வரிகூட ஏன் எழுதவில்லை? நூலகத்தில் தேடி நானே படித்தேன். அதன் நிறமியில் ஒட்டிய இரண்டு கரி வளையங்கள், மூன்று ஆக்ஸிஜன். நகத்தின் புரதத்தோடு பிணைந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. சாவதற்குச் சில நாள் முன்பு, என் கட்டைவிரல் நகச்சுத்துக்கு அவள்தான் எழுந்து உட்கார்ந்து மருதாணி பூசினாள். "எருமைகூடச் சும்மா நிக்குது, ஒங்களுக்கென்ன?" என்று திட்டிக்கொண்டே பூசினாள். அந்தச் சிவப்பு மட்டும் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தில் நகம் வெட்டவேண்டுமாம். நான் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, ஊரு சிரிக்கும்" என்றான் தம்பி கருத்தையா.

"சிரிக்கட்டும்லே."

"ஒம்பது வெட்டியாச்சு. அந்த ஒண்ண எப்பங் குடுக்கப் போறிய?" என்றார் சவரம் செய்யும் மாடக்கண்ணு.

இன்றுவரை கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். ஆனால் நகம் வளர வளரச் சிவப்பு நுனிக்குப் போகிறது. அதை நிறுத்த வழியுண்டா? விஞ்ஞானிகளைக் கேட்டு எழுதவும்.

தாங்களும் இதழும் நீடு வாழ்க.

இப்படிக்கு,
வே. வேல்சாமி

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் நகச்சுத்து திரும்ப வந்துவிட்டது. வலி பொறுக்காமல் மாடக்கண்ணுவை நானே கூப்பிட்டு வெட்டிக்கொண்டேன். ஆகவே மேலே கேட்டதற்குப் பதில் வேண்டாம். மருமகள் ராதாமணி, சுப்புத்தாய் வைத்த மருதாணிச் செடியிலேயே இலை பறித்து அரைத்திருக்கிறாள். அதே வளையம், அதே மூன்று ஆக்ஸிஜன், மறுக்க முடியாது. ஆனால் ராதாமணி திட்டாமல் பூசுகிறாள். ஒட்டுமா என்று மட்டும் எழுதவும்.