வெந்நீர்த் தொட்டிக்குப் போகாத மருந்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். இல்லாவிட்டால் யாராவது என்னிடம் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். “தனியா கிடந்து என்ன பண்ணப்போறீங்க மச்சான், மாடி ரூம் சும்மாதான் இருக்கு, வந்துடுங்க” என்று போனில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தீர்கள். வர முடியாது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் உங்கள் வீட்டு விருந்தில் எல்லோர் நடுவிலும், “இவர் என் மச்சான், பிளாஸ்டிக் செய்றவரு, பக்கெட் வேணும்னா கேளுங்க” என்றீர்கள். மூடியோடு கிடைக்குமா என்று ஒருவர் விசாரிக்கவே செய்தார். மாப்பிள்ளை, நான் செய்வது பக்கெட் அல்ல. புற்றுக்கட்டிக்குக் கொடுக்கும் மருந்து உடம்பெல்லாம் சுற்றி, முடியைக் கொட்டவைத்து, வயிற்றைப் புரட்டிவிட்டுத்தான் கட்டிக்குப் போகிறது. அதனால் அதை, பிளாஸ்டிக்குக்குத் தூரத்து உறவான, நீரில் கரையும் நீளமான பாலிமர் சங்கிலியில் கொக்கி போட்டு மாட்டி அனுப்பப் பார்க்கிறோம். வழியில் ரத்தத்தில் கொக்கி கழலக் கூடாது; கட்டிக்குள் இருக்கும் லேசான புளிப்பில் கழன்றே ஆக வேண்டும். என் ஆயுளில் பாதி இதில்தான் போயிற்று.

இந்த வருடக் கதையைக் கேளுங்கள். முதலில் ஆசைப்பட்டு ஒரே சங்கிலியில் மருந்தை நெருக்கி மாட்டினேன்; தண்ணீர் என்றாலே ஆகாத மருந்து அது, சங்கிலியையும் கெடுத்து, குடுவைக்குள் பசையாகத் திரண்டுவிட்டது. மருந்தைக் குறைத்தேன், கரைந்தது, ஆனால் கழுவும்போதே கொக்கி கழன்று சிவப்பு மருந்து மொத்தமும் சிங்க்கில் போயிற்று. கொக்கியை மாற்றினேன், ரத்தம் போன்ற உப்புநீரில் அசையாமல் நின்றது. சந்தோஷமாக, கழன்ற மருந்தை மட்டும் வெளியே விடும் ஜவ்வுக் குழாயில் அடைத்து, புளிப்பு நீர் நிரப்பிய குவளையில் தொங்கவிட்டேன். கொக்கி கழன்றால் வெளித்தண்ணீர் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. உடம்புச் சூட்டில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. அதற்கான வெந்நீர்த் தொட்டி எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்றே ஒன்று, அது தும்மல்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கும் சக ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. என் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட ஆளிடம் போய் நிற்பேனா? ஜன்னலோரமாக வைத்து, இந்தச் சூடே போதும் என்று இருந்துவிட்டேன். நேற்றைய கூட்டத்தில், என்னிடம் படித்து எனக்கே மேலதிகாரியாகிவிட்ட பெண், “உங்க கொக்கியும் உங்களை மாதிரியே சார், பிடிச்சா விடமாட்டேங்குது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தும்மல்காரர் தும்மினார்.

ராத்திரி வீடு திரும்பினால் இதைச் சொல்ல யாருமில்லை. அழைப்பு மணி அடித்தது; எதிர்வீட்டுக்கு வந்த பார்சல். கையெழுத்துப் போட்டுவிட்டு, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கொண்டுவந்தவரைக் கேட்டேன். “இன்னும் நிறைய வீடு இருக்கு சார்” என்று போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர் வரும்வரை பார்சலை எனக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்துச் சாப்பிட்டேன். ஆகவே துணைக்குக் குறைவில்லை. மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு முறைப்படி சேர வேண்டிய மரியாதை.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்

பி.கு.: இதை உறையில் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடம் போனேன். ஜன்னலோரத்தில் குவளையைக் காணோம். தும்மல்காரரின் தொட்டிக்குள் இருந்தது. தண்ணீர் நல்ல சிவப்பு. “யாரைக் கேட்டு எடுத்தீங்க?” என்றேன். “நீங்க வந்து கேப்பீங்கன்னு ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் எனக்கே பொறுக்கல” என்றார். எனக்கும் சேர்த்து டீ போட்டார். குடித்தேன். மாப்பிள்ளை, தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்பதால் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாசலில்தான் நிற்கிறேன். பெட்டி கனக்கிறது.