கார்குழலி ஓட்டலுக்குத் திரும்புவது சம்பந்தமாக

குருசுக்குப்பம், புதுச்சேரி,
10-2-2021

அன்பு மைத்துனர் அன்பழகனுக்கு உன் அக்காள் புருஷன் சக்கரபாணி எழுதுவது. நானும் உன் அக்கா தில்லையம்மாளும் உன் மருமகள் கார்குழலியும் இந்த நிமிடம் வரை காய்ச்சல், இருமல் இல்லாமல் இருக்கிறோம். கடலூரில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இருபத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக எழுதிய கையால் இதை எழுதுகிறேன்.

கார்குழலி கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தாள் அல்லவா, போன வருடம் ஊரடங்கு வந்ததும் ஓட்டலை மூடி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், சாப்பிடக் கூப்பிட்டால் "அப்பறம்மா" என்பாள். பிறகு ஒருநாள் லேப்டாப்பைத் திறந்து, ஆன்லைனில் டிசைன் படிக்கப்போகிறேன் என்றாள். எழுந்து உட்கார்ந்தாளே என்ற சந்தோஷத்தில் தெருவில் சொல்லிவிட்டோம். மறுநாளே எதிர்வீட்டு அன்புசெல்வி ரவிக்கைத் துணியோடு வந்து, "முதுகுல ஜன்னல் வெச்சித் தெச்சிக் குடு கண்ணு" என்று நிற்கிறாள். இது துணி டிசைன் இல்லையாம், போனில் எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் ஜனங்கள் தடுமாறமாட்டார்கள் என்று யோசித்து வரைகிற வேலையாம். "பொத்தான்னா தையல்தான?" என்று கேட்டுவிட்டு அன்புசெல்வி துணியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படிப்புக்கு ஒரு செய்முறை காட்ட வேண்டுமாம். மீன் வாங்க ஒரு ஆப் வரைந்தாள். அதைச் சோதிக்க ஆள் வேண்டும், ஊரடங்கில் ஆளுக்கு எங்கே போவது, என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கச் சொன்னாள். பதினோரு நிமிடம் போராடி நாலு கிலோ சுறா வாங்கினேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டே, "தப்பு உங்க மேல இல்லப்பா, டிசைன் மேல" என்றாள். இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை மச்சான். அடுத்து உன் அக்கா. மார்க்கெட்டிலிருந்து வந்து மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பேரம் பேசற எடம் எங்கடி?"

"வெல போட்டிருக்கும்மா."

"போட்டா இன்னா? கொறச்சிக் கேக்காம எவ மீன் வாங்குவா?"

கார்குழலி எட்டு நாள் வரைந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நேற்று பெங்களூர் கம்பெனியில் நேர்காணல், லேப்டாப்பிலேயே. திரையில் மூன்று பேர். நடுவில் உன் அக்கா கையில் நண்டோடு உள்ளே வந்து, "யாரு இவங்க, மாப்ள வீட்டுக்காரங்களா?" என்று கேட்டுவிட்டாள். அதில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். அவர் உன் அக்காவையே கேள்வி கேட்க ஆரம்பித்தார், அவளும் பேரம் பேசுவது எப்படி என்று இருபது நிமிடம் விளக்கினாள், நண்டு ஆடிக்கொண்டே இருந்தது, பெண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்று திரையை அணைத்துவிட்டார்கள். அரசாங்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஓட்டலைத் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் வேறு ஆளாம். இவள் யோசிக்கிறேன் என்கிறாள். முப்பது வயதில் கையிலிருக்கிற வேலையை யாராவது விடுவார்களா? நான் சொன்னால் முறைக்கிறாள். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, ஓட்டலுக்கே போகச் சொல்லி நல்ல புத்தி சொல்லிவிட்டுப் போ.

சுமலதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். முகக்கவசம் போட்டுக்கொண்டே பஸ் ஏறவும்.

இப்படிக்கு,
சக்கரபாணி

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஓட்டலிலிருந்து போன் வந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். "திங்கக்கெழம வந்துடுவாங்களா சார்?" என்றார்கள். "வரமாட்டா. அவ டிசைனர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கம்பெனியிலிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை. நான் ஓட்டல்காரர்களிடம் இப்படிச் சொன்னது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது மச்சான், கடிதம் கிடைத்த அன்றைக்கே வந்து நீதான் எப்படியாவது இதை அவளிடம் சொல்ல வேண்டும்.