ஓரெழுத்துச் சம்மதம்

இனி என் வாயால் 'ஹோ' சொல்வதில்லை என்று, மழை தொடங்குவதற்கு முந்தைய வாரம் முடிவு செய்தேன்.

எங்கள் மராத்தியில் 'ஹோ' என்றால் 'ஆமாம்', 'சரி', 'உன் இஷ்டம்', 'ஆளை விடு' எல்லாம்தான். ஒரே எழுத்தில் சரணடையும் வசதி. என் மனைவி என்னை 'அஹோ' என்று கூப்பிடுவாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதே, அதனால் மரியாதையாக 'அஹோ'. நான் 'ஹோ' என்பேன். அவள் கட்சியில் ஓரெழுத்து கூடுதல். கல்யாணம் ஆன நாள் முதல் எங்கள் வீட்டில் நடப்பது இந்தப் பெரும்பான்மை ஆட்சிதான்.

அவள் பெயர் சுலபா. பெயர் வைத்தவர்கள் அவளோடு குடித்தனம் செய்து பார்த்தவர்கள் இல்லை.

விஷயம் இதுதான். சிப்ளூணில் இருக்கும் என் மாமியார் வீட்டுக் கூடத்துக்கு மழைக்காலத்தில் ஆறே வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும். இந்த வருஷம் நாலு மாத மழைக்கும் அம்மா புணேயில் நம்மோடு இருக்கட்டும் என்றாள் சுலபா. இருக்கட்டும், எனக்கென்ன? ஆனால் எங்கே படுப்பார்? எங்கள் வீட்டில் காற்று வருகிற இடம் ஜன்னலோரக் கட்டில் ஒன்றுதான். ஞாயிறு மதியம், வெளியே மழை, உள்ளே போர்வை, நடுவே நான். அந்தத் தூக்கத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஆபீஸ் போகிறேன். அதைப் பறிகொடுக்க எனக்கு மனசே இல்லை.

நல்லவேளையாக மாமியார் ரோஷக்காரி. "மாப்பிள்ளை தன் வாயால சரின்னு சொன்னாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, என் கட்டில் என் நாக்கில் இருந்தது. நாக்கைக் கட்டினேன்.

வெறுமனே வாயை மூடினால் போதாது, சுலபாவின் மனசையே மாற்ற வேண்டும் என்று ஒரு திட்டமும் போட்டேன். பாஜே குகைகளுக்கு அழைத்துப் போவது. பந்தபாசத்தை உதறிவிட்டுக் கல்லில் படுத்துத் தூங்கிய பிக்குகளின் இடத்தைக் கண்ணால் பார்த்தால் தாயாசை கொஞ்சம் தணியாதா? ஞாயிறன்று போகலாமா என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டாள். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

லோணாவளா லோக்கல் ரயிலில் 'ஹோ' விரதம் கடுமையாக இருந்தது. டீ வேணுமா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ போய்விட்டது. மளவலியில் இறங்கியதும் சுடச்சுட வெங்காய பஜ்ஜி. வேணுமா என்றாள். இருமினேன். இருமலுக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று அவளே எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பாஜேக்கு வந்து பஜ்ஜி கிடைக்காமல் படியேறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மேலே, பிக்குகள் தங்கிய சின்ன அறை ஒன்றில் அவளை நிறுத்தி உபதேசத்தை ஆரம்பித்தேன். மழைக்காலத்தில் அவர்கள் ஊர் ஊராக அலைய மாட்டார்கள், மகள் வீடு மருமகன் வீடு என்று கிளம்ப மாட்டார்கள், இங்கேயேதான் இருப்பார்கள் என்றேன்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள்.

"மழை முடியற வரைக்கும். நாலு மாசம்னு வெச்சுக்கோ" என்றேன் பெருமையாக.

"இந்த இடத்த அவங்களேவா குடைஞ்சாங்க?"

"சேச்சே. ஊர்ல இருக்கறவங்க புண்ணியம்னு குடைஞ்சு கொடுத்தது."

சுலபா கல் கட்டிலைத் தடவிப் பார்த்தாள். "முன்னப் பின்னத் தெரியாதவங்க, யாரோ நாலு மாசம் நனையாம இருக்கட்டும்னு மலையையே குடைஞ்சிருக்காங்க. சிலபேருக்குக் கட்டில் ஓரத்துல ஒரு ஜாண் நகர முடியல."

நான் இருமினேன். இந்த முறை நிஜ இருமல். பேச்சை மாற்ற, பக்கத்திலிருந்த பெரிய சைத்திய வழிபாட்டு மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன்.

வளைந்த கூரை, வரிசையாகத் தூண்கள், கடைசியில் கல் ஸ்தூபி. கல்லூரிப் பையன்கள் சிலர் உள்ளே நின்று கத்தி, எதிரொலி கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் சுலபா பெருமூச்சு விட்டாள்.

"அந்தச் செவப்புச் சட்டைப் பையனுக்கு என்ன குரல் பாருங்க. அதெல்லாம் வயசுல வரது. உங்களுக்கு இனிமே எங்க."

கணபதி ஊர்வலத்தில் ஐம்பது டோல் மேளச் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்கும். ஒரு காலத்தில் பேட்டையே அதற்குச் சாட்சி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமியாருக்கு மட்டும்தான் வர வேண்டுமா?

"ஸ்தூபிகிட்ட போய் நில்லுங்க. நான் வாசல்ல இருந்து செல்போன்ல எடுக்கறேன். எல்லாருக்கும் அனுப்பலாம்."

போய் நின்றேன். அவள் போனை உயர்த்தினாள். அவள் உதடு அசைந்தது. அத்தனை தூரத்தில் என்ன கேட்கும்? 'ரெடியா' என்றிருப்பாள் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். மலையைப் பார்த்துக் கத்தும்போது மராத்திக்காரன் வாயில் வேறென்ன வரும்?

"ஹோஓஓ!"

குகை சும்மா இருக்குமா? 'ஹோ' என்றது கூரை. 'ஹோ' என்றன தூண்கள். ஒரு வாரமாக நான் விழுங்கியதையெல்லாம் மலை மொத்தமாக வெளியே கக்கியது. சுலபா போனைக் கீழே இறக்கிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடி வந்தேன்.

"கேட்டியாம்மா?" என்றாள் போனிடம்.

ஸ்பீக்கரில் மாமியார் கரகரத்தார். "'அம்மா நாலு மாசம் வரட்டுமா'ன்னு நீ கேட்டது ஒரு தடவைதானே? மாப்பிள்ளை எதுக்கு இத்தனை தடவை ஹோ சொல்றாரு?"

"ஆசைம்மா. அடக்க முடியல அவருக்கு."

எதிரொலி கேட்கத்தான் கத்தினேன், அது சம்மதமே இல்லை என்று வாதாடினேன். சுலபா நிதானமாகப் போனை என்னிடம் நீட்டினாள்.

"ஸ்தூபிக்கு முன்னால நின்னு சொன்ன வார்த்தை. இல்லைன்னா நீங்களே அம்மாகிட்ட இல்லைன்னு சொல்லிடுங்க."

போனை வாங்கினேன். 'இல்லை'க்கு எங்கள் மொழியிலும் ஒரு வார்த்தை உண்டு. தெரியும். பயன்படுத்திப் பழக்கமில்லை. "பத்திரமா வாங்க" என்றேன்.

இறங்கும்போது எனக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். சூடாகத்தான் இருந்தது.

இப்போது ஞாயிறு மதியம். வெளியே மழை கொட்டுகிறது. ஜன்னலோரக் கட்டிலில் என் போர்வைக்குள் மாமியார். நடையில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் பாய் விரித்து நான். கல்லில் படுத்த பிக்குகள்மேல் எனக்கு இப்போது உண்மையான மரியாதை வந்திருக்கிறது.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார் கட்டிலிலிருந்து, "மழை நின்னதும் குளிர் வந்துடும். சங்கராந்தி வரைக்கும் இருந்துட்டே போகட்டுமா?"

பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். நாலு மாதம் என்றுதானே பேச்சு என்று கேட்டுவிடத்தான் எழுந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அஹோ?"

"ஹோ" என்றேன்.