கோட்டுக்கு அந்தப் பக்கம்

"இந்த வீட்டுல இனிமே யாருக்கும் சலுகை கிடையாது. பெத்த மகளா இருந்தாலும் மார்க்கெட் வாடகைதான்!"

பல் தேய்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் அறிவித்தார். பாதி அறிவிப்பு நுரையோடு போய்விட்டது.

விஷயம் இதுதான். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகளை, குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பகுதியில் வாடகை விற்கிற விலைக்கு, அவளும் மாப்பிள்ளையும் சம்பளத்தை அப்படியே கொடுத்தால் தலைக்குக் கூரை கிடைக்கும். வயிற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த அறைகளை அவளுக்குக் கொடுக்கலாமே என்றுதான் கேட்டேன். தினமும் கும்பிடும்போதும் அதையேதான் கேட்டேன். கடவுள் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் இவர் பதில் சொல்லிவிட்டார்.

"நம்ம போஸ்ட் கோடு என்னன்னு தெரியுமா உனக்கு?"

"போஸ்ட் வாசல்ல நிக்குது, தெரியுது. கோடு எங்கங்க?"

இவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தலையில் அடித்துக்கொண்டார்.

"விளக்குக் கம்பம் இல்ல! தபால் எண்! சுவரு, தரை, ஜன்னல் எதுக்கும் மதிப்பில்ல. வாசல் எந்தக் கோடுல இருக்கோ, அதுதான் விலை. நம்ம தெரு ஒரு கோடு, வாடகை வானத்துல. பின்னாடி சந்து வேற கோடு, அங்க பாதிகூடத் தேறாது."

"அப்ப வாசல்தான் கணக்கு?"

"வாசல்தான் கணக்கு!"

மறுநாள் மெதுவாகச் சொன்னேன். "ஏங்க, வாடகைக்கு வர்றவங்க நம்ம கூடத்து வழியா போனா, நான் கண்ணை மூடிக் கும்பிடறப்ப எல்லாம் செருப்புச் சத்தம்தான் கேட்கும். அந்த அறைகளுக்குப் போற நடுக்கதவை அடைச்சு இரும்பு அலமாரியை நகர்த்திடுங்களேன்."

"தனி வழின்னா வாடகை இன்னும் ஏறும்!" ஒரே குஷி இவருக்கு. மூச்சைப் பிடித்துத் தள்ளினார். அலமாரி போய்ச் சேர்ந்தது. இவர் இடுப்புதான் பாதி வழியில் நின்றுவிட்டது.

தரகர் வந்தார். கூடவே மகளும் வந்தாள். தரகர் அறைகளைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு வழி எப்படிங்க?"

"சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கு. அது மட்டுந்தான்" என்றேன் நான்.

"அப்ப இது சந்து வீடுங்க. சந்து வாடகைதான் போகும்."

"என்னய்யா சொல்றே? சுவருக்கு இந்தப் பக்கம் நாங்க இருக்கோம்!" என்று இவர் குதித்தார்.

"சுவரைப் பார்த்து யாருங்க வாடகை கொடுப்பாங்க? வாசலைப் பார்த்துத்தானே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். "அலமாரியை எடுத்துடறேன்!" என்று பாய்ந்தார். மனசு பாய்ந்தது, இடுப்பு வரவில்லை.

"விடுங்கப்பா" என்று மகள் கை கொடுத்துத் தூக்கினாள். "நீங்க சொன்ன மாதிரியே மார்க்கெட் வாடகை தர்றேன். சலுகையே வேண்டாம்."

அவள் குடிவந்த அன்று சாயங்காலம் இவர் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு முனகினார்.

"அந்த வலித் தைலம் எங்க?"

"பின்னறை அலமாரியில வச்சது, இப்ப மக வீட்டுல இருக்குங்க."

"அலமாரிக்குப் பின்னாலதானே இருக்கா? ஒரு குரல் கொடேன், கொண்டு வரட்டும்."

"மக வேலைக்குப் போயிட்டா. மாப்பிள்ளைகிட்ட நீங்களே சுத்திப் போய் வாங்கிட்டு வந்துடுங்க. அது வேற போஸ்ட் கோடு."