கொக்குகளுக்குப் பெரட்டு எடுத்தவர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த 'ர' என்பது இன்னும் எனக்குத் தகராறுதான். அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் சொல்லப்போகிற விஷயத்தில் பிழை கிடையாது. இந்த மலேசியாவிலேயே கொக்குகளுக்கு லீவு, லேட், ஆப்சென்ட் எல்லாம் போட்ட ஒரே மனிதர் எங்கள் கொக்குக் கிராணிதான்.

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவர் முப்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். விடிவதற்கு முன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அதுதான் அவர் வேலை. எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு போட்டு வீடு கட்ட விற்றார்கள். நடுவில் பள்ளமாகக் கிடந்த சதுப்பை மட்டும் எங்கள் ஊராட்சி மன்றம் மக்களின் வீட்டு வரிப் பணத்தில் வாங்கியது. மழைத் தண்ணீர் அங்கே தங்கி மெல்ல ஓடைக்கு இறங்கும், பறவைகளும் பிழைத்துப் போகும் என்று அப்போதிருந்த யாரோ ஒரு நல்லவர் யோசித்திருக்கிறார். அதற்குக் காவலாளியாகக் கிராணியைப் போட்டார்கள். நான் அதே மன்றத்தில் புல் வெட்டுகிறவன்.

காவல் வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து தூங்க வேண்டும். இது அவருக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்குக் கரையில் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நோட்டைத் திறந்து, பெரட்டு எடுப்பார்.

"கொக்கு பதினாலு. நேத்து பதினஞ்சு. அந்த நொண்டிக் காலன் எங்கடா?"

"தெரியலண்ணே."

"ஒரே எடத்துல வேலை பாக்குறீங்க. வரலன்னா என்னா ஏதுன்னு விசாரிக்க மாட்டியா?"

உடும்பு எப்போதும் வெயில் ஏறித்தான் வெளியே வரும். அவர் காவல் இருந்த மூன்று வருடமும் அதற்கு 'லேட்' தான். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம் என்றுகூட ஒரு நாள் யோசித்தார்.

ஒரு முறை எதிர் மண்டபத்தில் கல்யாணம். ஒலிபெருக்கி அலறியது. நேராக மேடைக்குப் போய் மாப்பிள்ளை காதில் சொன்னார்: "தம்பி, அங்க நாணலுக்குள்ள குஞ்சு பொரிச்சிருக்கு. ஒங்களுக்கும் நாளைக்குப் புள்ள குட்டி பொறக்கும். கொஞ்சம் கொறைச்சு வைங்க." மாப்பிள்ளை வெட்கத்தில் ஒலிபெருக்கியையே நிறுத்திவிட்டார். கிராணி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

மளிகைக் கடை ஆன்டி ஒரு நாள் கிழிந்த மெத்தையை வீசப் பார்த்தார்.

"ஆன்டி, இது ஒங்க வரியில வாங்குன நெலம். இதுல ஒரு அடி ஒங்களுது."

"என்னுதுன்னா என் அடியில நான் போடுறேன்லா. ஒங்களுக்கு என்னா?"

"தாராளமா. ஒங்க அடி அந்தா, தண்ணிக்கு நடுவுல இருக்கு. எறங்கிப் போயி வச்சிட்டு வாங்க."

மெத்தை திரும்பிப் போனது.

பிறகு ஒரு கட்டடக் குத்தகைக்காரர் சதுப்பை மண் போட்டு மூடிக் கடைவீடுகள் கட்ட அனுமதி கேட்டார். மன்றத்தின் பெரிய அதிகாரி, எங்கள் பேச்சில் துவான், நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. காப்பாற்ற ஏதாவது இருந்தால் நிலம் தப்பிக்கும், இல்லாவிட்டால் லோரி வரும். கிராணிக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு மேல்வரிசையில் பல்லே கிடையாது.

"துவான்கிட்ட மலாய்ல எடுத்துச் சொல்லணும்டா. பல்லு இல்லாம பேசுனா வெறும் காத்துதான் வருது. காத்துக்கு எவன் நெலத்த விட்டுக் குடுப்பான்?"

பிரிக்பீல்ட்ஸில் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கிப் பல் கட்டிக்கொள்ளப் போனார்.

மறுநாள் எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, புல் வெட்டுகிற நான்கு பேரைக் கூப்பிட்டார். கிராணி மேல் உயிராக இருந்தவர் அவர். தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் புல்லை ஒட்ட வெட்டி, கல்லுக்கு வெள்ளையடிப்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"கெழவர் வர்றதுக்குள்ள எடத்தப் பளபளன்னு ஆக்கிருவோம். துவான் அசந்து போகணும். நீ நாணல் பக்கம் பாரு."

கடைசிச் சொல் என்னிடம். நாணலுக்குள் எத்தனை கூடு இருந்தது என்று தினமும் எனக்குக் காட்டியிருக்கிறார் கிராணி.

"அண்ணே, அதுக்குள்ள..." என்றேன்.

"என்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர் சேர்ந்து பார்த்தாலே பின்வாங்கிவிடுகிற ஆள் நான்.

"ஒண்ணுமில்லண்ணே."

நீளக் கத்தியை வீசி வீசிச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். கொக்குகள் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் சுற்றின. பிறகு போய்விட்டன.

அதிகாரி வந்த காலையில் கிராணி வெள்ளைச் சட்டையும் புதுப் பல்லுமாகக் கரைக்கு வந்தார். அப்படியே நின்றார். அதிகாரி காரைவிட்டு இறங்கி, "ரொம்பச் சுத்தம்," என்று மண்டோரின் கையைக் குலுக்கினார். பறவைகள் எங்கே என்று கிராணியிடம் கேட்டார்.

"எல்லாருக்கும் இன்னிக்கு லீவு, துவான்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி தப்பாக எதுவும் பேசவில்லை. காலி நிலத்தைக் காவல் காக்க மக்கள் வரிப் பணம் எதற்கு என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆறு மாதத்தில் செம்மண் லோரிகள் வந்தன. அடுத்த பெருமழைக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் முழங்கால் அளவு தண்ணீர்.

கிராணி ஜெஞ்சாரோமில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு டின் பிஸ்கட்டோடு போன வருடம் போனேன். ஒரு மணி நேரம் அவர் பேசினார், நான் தலையாட்டினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவரே ஆரம்பித்தார்.

"நாணல வெட்டுனது நீதான?"

நான் செருப்பு வாரை இழுத்து விட்டேன்.

"நாலு பேர்ல நீ ஒருத்தன்தான் எடது கைக்காரன். மத்தவன் வெட்டுனா இந்தப் பக்கம் சாயும். அன்னிக்கு அத்தனையும் அந்தப் பக்கம் சாஞ்சு கெடந்துச்சு. கார் வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"அப்பவே ஏண்ணே கேக்கல?"

"கேட்டா நீ என் பக்கமே வந்திருக்க மாட்ட. அப்புறம் நான் யாருகிட்டடா பேசுறது?"

லோரி வரும்வரை அந்த ஆறு மாதமும், காலையில் பிளாஸ்கைத் திறந்து மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றித் தருவார். அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் வாங்கிக் குடித்தேன். போன மாதம் அவர் இறந்து, காரியத்துக்கு நான் போனபோது, சர்க்கரை வியாதியால் இருபது வருடமாக அப்பா இனிப்பையே தொடவில்லை என்று மகள் சொன்னார்.

அந்தத் தேநீர் நல்ல இனிப்பாக இருக்கும்.

21 நவம்பர் 1993