மூன்றாவது கட்டமே கதி

கணினியில் வேலை செய்கிறவர்கள் உண்டு. கணினியை வேலையிலிருந்து காப்பாற்றுகிறவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்துக்கு நினைவகக் காவலர், அதாவது கணினியின் மெமரிக்குக் காவல் இருப்பவர், என்று பெயர். எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

கட்டட வரைபட நிறுவனம் ஒன்றில் அலுவலகத்துக்கே பொதுவான பெரிய கணினியான சர்வரைக் கவனித்துக்கொள்பவர் இந்த இனத்தின் அசல் வாரிசு. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் மெமரி மாமா. காலையில் பையைக்கூட இறக்காமல் 'ஃப்ரீ' என்று தட்டுவார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினிக்கு அந்த ஒரு சொல் போதும். மொத்த நினைவகம் எவ்வளவு, பயன்பாட்டில் இருப்பது எவ்வளவு, சும்மா கிடப்பது எவ்வளவு என்று ஒப்பித்துவிட்டு, கடைசிக் கட்டத்தில், கேட்டால் இவ்வளவு தர முடியும் என்றும் சொல்லிவிடும். கடைசிக் கட்டத்தை யார் பார்த்தார்கள்? மாமாவின் கண் மூன்றாவதைத் தாண்டாது. சும்மா கிடப்பது குறைந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேட்டைக்கு உட்கார்ந்துவிடுவார்.

சும்மா கிடக்கிற நினைவகத்தை லினக்ஸ் சும்மா விடாது. ஒருமுறை படித்த கோப்புகளை அதில் போட்டு வைத்துக்கொண்டு, மறுபடி கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுக்கும். வேறு வேலைக்கு இடம் வேண்டுமென்றால் மறுபேச்சில்லாமல் ஒழித்துத் தரும். இதைச் சொன்னால் மாமா நம்புவாரா? "அப்படித்தான் சொல்லுவாங்க, அப்புறம் திடீர்னு மெஷின் அசையாமத் தொங்கிடும்" என்று, சேர்த்து வைத்ததையெல்லாம் துடைத்து எறிவார். கணினி பாவம், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்க்கும். மறுபடி துடைப்பார். போதாதென்று நினைவகத்தை வேவு பார்க்க நாலைந்து நிரல்களை ஓட விட்டிருக்கிறார். அவை விழுங்குவது கணக்கில் வராது. காவலுக்கு வந்தவர்கள் பட்டினி கிடக்க முடியுமா?

வீட்டிலும் இதே கூத்துதான். துணி அலமாரியைத் திறந்தால் வெறும் பலகை; துணியெல்லாம் பரணில்.

"அலமாரி காலியா இருந்து யாருக்கு என்ன லாபம்? தினமும் ஒரு சட்டைக்கு ஏணி போட்டுப் பரண்ல ஏறணுமா?" என்பது மனைவியின் கேள்வி. மாமா ஏறுவார்.

அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்த வரைகலைப் பெண் ஒருத்தி, கட்டப்போகும் மருத்துவமனைக்குள் நடந்து போவது போல ஒரு படம் செய்திருந்தாள். மாலையில் மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அவள் வேலை நிரந்தரம். முந்தின நாளிலிருந்து சர்வர் அந்தப் படத்தைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தது. முழுக்க முடிந்தால்தான் கைக்கு வரும். மதியம் மாமாவின் மூன்றாவது கட்டம் சுருங்கியது.

"என்னம்மா ஓட விட்டிருக்கே? மெமரியெல்லாம் முழுங்குது!"

"இதோ முடியப்போகுது சார். தயவுசெஞ்சு தொடாதீங்க. கடைசிக் கட்டத்தைப் பாருங்க, நிறைய இருக்குன்னு காட்டுதே."

"நான் பாத்துக்கறேன். நீ போய் சாப்பிட்டு வா."

சாப்பிட்டு வந்தாள். மாமாவின் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"வந்து பாரும்மா, எவ்வளவு ஃப்ரீ! ஒண்ணே ஒண்ணுதான் அவ்வளவையும் தின்னுட்டு இருந்தது. நிறுத்திட்டேன்."

"சார்... அது என் படம்."

"படத்தை மறுபடி ஓட்டிக்கலாம். சர்வர் தொங்கியிருந்தா என்ன பண்றது, சொல்லு?"

மருத்துவமனைக்காரர்கள் வந்தார்கள். அவள் வெறுங்கையால் காற்றில் அறைகளைக் காட்டினாள். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த வேலை வேறு நிறுவனத்துக்குப் போயிற்று, மாதக் கடைசியில் அவளும் போனாள். இப்போது சர்வருக்கு ஒரு வேலையும் இல்லை. மூன்றாவது கட்டம் இதுவரை காணாத உயரத்தில் நிற்கிறது.

"இப்பத்தான் மெஷின் ஆரோக்கியமா இருக்கு" என்கிறார் மாமா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் கையிலிருக்கும் போனில் திறந்து கிடந்த செயலிகளையெல்லாம் கட்டைவிரலால் வரிசையாகத் தள்ளிவிட்டு, அப்பாடா என்று மூச்சு விட்டது எப்போது? இப்போதும் விரல் ஊறுகிறது, இல்லையா? தள்ளுவதற்கு முன், அது யாருடைய போன் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "ஐயோ, அதுல பாதி எழுதி வச்சிருந்தேனே!" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தால், "எவ்வளவு இடம் ஒழிச்சிருக்கேன் பாரு" என்று சொல்லிவிடாதீர்கள்.